ஈரி கால்வாயும் ஐந்து பேரேரிகளும்: 19ஆம் நூற்றாண்டு நீர்வழி வணிகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவில் கிடக்கும் ஐந்து பெரிய ஏரிகள், அவற்றைக் கடலோடும் ஒன்றோடொன்றும் இணைக்க வெட்டிய கால்வாய்கள், அவற்றில் ஓடிய படகுகள், கப்பல்கள், ஏறி இறங்கிய சரக்கு ஆகியவை பற்றிய கேள்வி பதில் இது. படிக்கும்போது ஒன்றைக் கவனித்துக்கொண்டே வாருங்கள்: சரக்கு எங்கெல்லாம் நின்று, இறங்கி, வேறொன்றில் ஏற வேண்டியிருந்ததோ அங்கெல்லாம் ஓர் ஊர் முளைத்திருக்கிறது.

ஏரிதானே, அதில் எதற்குக் கப்பல்? படகு போதாதா?

போதாது. சுப்பீரியர், மிச்சிகன், ஹூரான், ஈரி, ஒன்டாரியோ ஆகிய ஐந்தும் நாம் ஊரில் பார்க்கிற ஏரி மாதிரி இல்லை. சுப்பீரியர் ஏரி மட்டுமே சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். இலங்கைத் தீவை அப்படியே தூக்கி உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். நடுவில் போனால் எந்தப் பக்கமும் கரை தெரியாது. நவம்பர் மாதப் புயலில் எழும் அலை கடல் மாலுமிகளையே கலங்கடித்திருக்கிறது. உப்பு இல்லை என்பதைத் தவிர, கப்பல்காரனுக்கு அது கடல்தான்.

இவ்வளவு தண்ணீர் இருக்கும்போது கால்வாய் எதற்கு வெட்டினார்கள்?

ஏரிகள் ஒரே மட்டத்தில் இல்லை. சுப்பீரியர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 183 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹூரானும் மிச்சிகனும் 176, ஈரி 174. அதற்கடுத்த ஒன்டாரியோ வெறும் 75 மீட்டர். ஈரிக்கும் ஒன்டாரியோவுக்கும் இடையிலான அந்த 99 மீட்டர் இறக்கத்தில்தான் நயாகரா அருவி விழுகிறது. அருவியில் கப்பல் இறங்காது. ஒன்டாரியோவைத் தாண்டினாலும் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் வரிசையாக விரைவோட்டங்கள், அதாவது பாறைகளுக்கிடையே தண்ணீர் சீறிப் பாயும் இடங்கள். அதையும் கடந்தால் போய்ச் சேர்வது மான்ட்ரியால், அதாவது பிரிட்டிஷ்காரர் கையில் இருந்த துறைமுகம்.

அப்படியானால் ஈரி ஏரிக் கரையில் விளைந்த கோதுமை நியூயார்க்குக்கு எப்படிப் போகும்? வண்டியில்தான். நான்கு குதிரை பூட்டிய வண்டி சேற்றுப் பாதையில் இழுப்பது ஒரு டன் அளவு. ஈரி ஏரிக்கரை ஊரான பஃபலோவிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு டன்னுக்குக் கூலி 100 டாலர். 1817இல் கணக்குப் பார்த்தபோது, இந்தக் கூலி நியூயார்க் சந்தையில் கோதுமை விற்ற விலையைப் போல மூன்று மடங்கு. ஓட்ஸ் தானியத்துக்குப் பன்னிரண்டு மடங்கு. எந்த விவசாயி அனுப்புவான்? பலர் தானியத்தை விஸ்கியாகக் காய்ச்சினார்கள். அளவு சுருங்கும், விலை கூடும், வண்டிக்கூலி கட்டுப்படியாகும்.

ஈரி ஏரியிலிருந்து, நியூயார்க்கில் கடலோடு சேரும் ஹட்சன் ஆறுவரை கால்வாய் வெட்டுவது யாருடைய யோசனை?

பலர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் விரிவாக எழுதி வைத்தவர் ஜெஸ்ஸி ஹாலி என்ற மாவு வியாபாரி. சரக்கு அனுப்பும் செலவில் நொடித்துப்போய், கடனுக்காகச் சிறையில் கிடந்தவர். 1807–08இல் கனன்டெய்குவா ஊரில் அடைபட்டிருந்தபோதுதான் ‘ஹெர்குலிஸ்’ என்ற புனைபெயரில் தொடர் கட்டுரைகளாகக் கால்வாயின் பாதை, செலவு, பயன் எல்லாவற்றையும் எழுதினார். போக்குவரத்துச் செலவு ஒரு மனிதனை என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

அன்றைய குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சனிடம் யோசனையைக் கொண்டுபோனபோது, இன்னும் நூறு வருஷம் கழித்து நினைக்க வேண்டியது, இப்போது பேசுவது பைத்தியக்காரத்தனத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்ற தொனியில் பதில் வந்தது. இத்தகைய வேலைகளுக்கு மத்திய அரசுப் பணம் தரும் மசோதாவை 1817 மார்ச் 3 அன்று, பதவியை விட்டு இறங்குவதற்கு முந்தின நாள், ஜேம்ஸ் மேடிசன் வீட்டோ செய்தார். சரி, நாமே வெட்டிக்கொள்கிறோம் என்று நியூயார்க் மாநிலம் அடுத்த மாதமே சட்டம் போட்டது. அதைத் தள்ளிக்கொண்டு போனவர் டெவிட் கிளின்டன். அந்த ஆண்டே மாநில ஆளுநரானார். 1817 ஜூலை 4 அன்று ரோம் என்ற ஊரில் முதல் மண்வெட்டி விழுந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் இதைக் கிளின்டனின் சாக்கடை என்று கிண்டல் செய்தார்கள்.

இன்ஜினியர் யார்?

உண்மையைச் சொன்னால், இன்ஜினியர் என்று படித்தவர் யாருமே இல்லை. பெஞ்சமின் ரைட், ஜேம்ஸ் கெட்டிஸ் இருவரும் நில அளவை தெரிந்த உள்ளூர் நீதிபதிகள். கேன்வாஸ் வைட் என்ற இளைஞர் இங்கிலாந்துக்குப் போய்க் கால்வாய்களைச் சுற்றிப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு வந்தார். அவர் கண்டுபிடித்ததுதான் எல்லாவற்றையும் காப்பாற்றியது. சாதாரணச் சுண்ணாம்புச் சாந்து தண்ணீருக்கடியில் கரைந்துபோகும். நீரில் இறுகும் சிமென்ட்டை ஐரோப்பாவிலிருந்து வரவழைத்தால் செலவு தாங்காது. சிட்டனாங்கோ ஊர்ப் பக்கத்தில் கிடைத்த ஒருவகைச் சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு அரைத்தால் தண்ணீருக்குள்ளேயே இறுகுகிறது என்று கண்டார்கள். கால்வாயின் கல் வேலைகள் அதில்தான் நின்றன.

வெட்டி முடித்தபோது ஊருக்குத் திரும்பியவர்கள் இன்ஜினியர்களாகத் திரும்பினார்கள். அமெரிக்காவின் அடுத்த தலைமுறைக் கால்வாய்களையும் ரயில் பாதைகளையும் போட்டவர்களில் பலர் இங்கே வேலை கற்றவர்கள்.

வெட்டியவர்கள் யார்? எப்படி வெட்டினார்கள்?

ஆரம்பத்தில் வேலையைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து உள்ளூர் விவசாயிகளுக்கு ஒப்பந்தம் விட்டார்கள். தன் நிலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கொஞ்ச தூரத்தை அவரவர் வெட்டிக் கொடுப்பார்கள். போகப்போக ஐரிஷ் கூலியாட்கள் ஏராளமாக வந்தார்கள். கோடரி, மண்வெட்டி, தள்ளுவண்டி, மாடும் குதிரையும் இழுக்கும் ஏர், மண் வாரும் பலகை, மரத்தின் அடிக்கட்டையை வேரோடு பிடுங்கப் பெரிய சக்கரம் வைத்த ஒரு பொறி, பாறைக்கு வெடிமருந்து. அவ்வளவுதான் கருவிகள்.

1819 கோடையில் மான்டசூமா சதுப்பு நிலத்தில் சுமார் 1,000 பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். மலேரியா. கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டென்று அப்போது யாருக்கும் தெரியாது, சதுப்பின் கெட்ட காற்று என்றே நினைத்தார்கள். குளிர்காலத்தில் நிலம் உறைந்த பிறகு வேலையைத் தொடர்ந்தார்கள்.

1825 அக்டோபர் 26 அன்று முழுக் கால்வாயும் திறந்தது. ஆல்பனியில் ஹட்சன் ஆற்றிலிருந்து பஃபலோவில் ஈரி ஏரிவரை 363 மைல். மேலே 40 அடி அகலம், அடியில் 28 அடி, ஆழம் வெறும் 4 அடி. 18 இடங்களில் ஆறுகளுக்கு மேலே நீர்ப்பாலம் கட்டி, பாலத்தின் மேல் கால்வாயை ஓட்டினார்கள். ராச்செஸ்டரில் ஜெனசீ ஆற்றின்மேல் இருந்தது மட்டும் 802 அடி நீளம். ஆற்றுக்கு மேலே இன்னொரு ஆறு போல, அதில் படகு போவதைப் பார்க்கவே ஜனங்கள் வந்தார்கள்.

தண்ணீர் மேடேறாதே, படகு எப்படி மேடேறியது?

லாக் என்ற அமைப்பால். கல்லால் கட்டிய நீளமான தொட்டி, இரண்டு முனையிலும் கதவு. படகு கீழ்க் கதவு வழியாக உள்ளே வந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். மேலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டால் தொட்டி நிரம்பும், படகும் கூடவே எழும்பும். மேல் மட்டத்துக்கு வந்ததும் மேல் கதவைத் திறந்தால் படகு போய்க்கொண்டே இருக்கும். இறங்குவதற்கு இதையே திருப்பிச் செய்ய வேண்டும். பம்ப் கிடையாது, எந்திரம் கிடையாது. ஒவ்வொரு தடவையும் ஒரு தொட்டித் தண்ணீர் கீழே போகும், அதை மேலிருந்து ஈடுகட்டினால் போதும்.

ஈரி கால்வாயில் இப்படி 83 லாக்குகள். ஆல்பனிக்கும் பஃபலோவுக்கும் மட்ட வித்தியாசம் 568 அடி. கடினமான இடம் மேற்குக் கோடியில் இருந்த பாறை முகடு. நயாகரா அருவி எந்த முகட்டில் விழுகிறதோ அதே முகடுதான். அங்கே நாதன் ராபர்ட்ஸ் ஐந்து லாக்குகளைப் படிக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். ஏறும் படகும் இறங்கும் படகும் ஒன்றுக்காக ஒன்று நிற்கக் கூடாது என்பதற்காகப் பக்கத்திலேயே இன்னும் ஐந்து. அதற்கு மேற்கே பாறையைச் சுமார் 30 அடி ஆழத்துக்கு வெடிவைத்துக் குடைந்தார்கள். காடாக இருந்த இடத்தில் லாக்போர்ட் என்ற ஊரே வந்துவிட்டது.

படகை எது இழுத்தது?

கோவேறு கழுதையும் குதிரையும். கால்வாய் ஓரமாகவே 10 அடி அகலத்துக்கு ஒரு பாதை. அதில் விலங்குகள் நடக்கும், நீண்ட கயிற்றால் படகு பின்னால் வரும். நிலத்தில் நான்கு குதிரைகள் ஒரு டன் இழுத்த இடத்தில், இங்கே இரண்டு மூன்று விலங்குகள் 30 டன் படகை இழுத்தன. இந்தக் கணக்குதான் முழுக் கதையும்.

ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை விலங்குகளை மாற்றுவார்கள். சரக்குப் படகுகளில் முன்பக்கத்திலேயே ஒரு சின்னக் கொட்டில் இருக்கும், ஓய்வெடுக்கும் ஜோடி அதில் நிற்கும். ஓட்டிக்கொண்டு நடந்தவர்களில் பலர் பத்துப் பதினைந்து வயதுப் பையன்கள். மழை, இருட்டு, சேறு எதுவானாலும் நடக்க வேண்டும். பருவம் முடிந்ததும் கூலி தராமல் ஏமாற்றிய படகுக்காரர்களும் உண்டு. பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜேம்ஸ் கார்ஃபீல்ட் 1848இல் ஒஹாயோவின் கால்வாய் ஒன்றில் இந்த வேலை பார்த்தவர்தான்.

எதிரெதிரே இரண்டு படகு வந்தால்? பாதை ஒன்றுதான், கயிறு இரண்டு. ஒரு படகுக்காரர் விலங்கை நிறுத்திக் கயிற்றைத் தளர்த்திவிடுவார். அது தண்ணீருக்குள் அமிழும், மற்றப் படகு அதன்மேல் போய்விடும். யார் தளர்த்துவது என்பதில் கைகலப்பும் நடந்தது.

பயணிகள் படகு வேறு, அதற்கு வேகம் அதிகம். அதிகம் என்றால் மணிக்கு 4 மைல். அதற்குமேல் போனால் அலையடித்துக் கரை அரிக்கும் என்று தடை. ராத்திரியில் சுவரோரம் அடுக்கடுக்காகப் பலகை மாட்டி அதில் படுக்கவைப்பார்கள். தாழ்வான பாலம் வரும்போதெல்லாம் மேல்தளத்தில் இருப்பவர்கள் குனிய வேண்டும். குனியாதவர் தண்ணீரில் விழுவார், அல்லது மண்டை உடையும்.

வருஷம் பூராவும் ஓடியதா?

இல்லை. டிசம்பரில் பனி உறையும், கால்வாயை மூடித் தண்ணீரை வடித்துவிடுவார்கள். ஏப்ரல் வாக்கில் மறுபடி திறப்பு. அந்தச் சில மாதங்களில் கரை, லாக் எல்லாவற்றையும் பழுதுபார்ப்பார்கள். ஏரிகளிலும் இதே கதைதான்.

என்னென்ன சரக்கு போனது?

கிழக்கு நோக்கி மாவு, கோதுமை, மரம், சாம்பலிலிருந்து எடுத்த பொட்டாஷ், பிறகு பன்றி இறைச்சி, விஸ்கி. மேற்கு நோக்கி உப்பு, துணி, இரும்புச் சாமான், அடுப்பு, கண்ணாடி, அப்புறம் மனிதர்கள். நியூ இங்கிலாந்தின் கல் நிலத்தை விட்டுப் போனவர்கள், ஜெர்மனியிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்திறங்கியவர்கள் எல்லோரும் கால்வாயில் பஃபலோவரை வந்து, அங்கே கப்பலேறி ஒஹாயோ, மிச்சிகன், விஸ்கான்சின் என்று பரவினார்கள். அவர்கள் உழுது விளைவித்த கோதுமை அடுத்த சில வருஷங்களில் அதே வழியாகத் திரும்பி வந்தது.

வழியிலுள்ள ஊர்களும் சரக்கால் எழுந்தவைதான். ராச்செஸ்டரில் ஜெனசீ ஆற்றின் அருவிகள் மாவு ஆலைகளைச் சுழற்றின. சிரக்யூஸில் உப்பு ஊற்று. அந்த உப்புக்குப் போட்ட வரியின் ஒரு பகுதி கால்வாய்ச் செலவுக்கே போனது.

போட்ட பணம் திரும்ப வந்ததா?

வந்தது. வெட்டிய செலவு சுமார் 70 லட்சம் டாலர். பஃபலோ முதல் நியூயார்க் வரை டன்னுக்கு 100 டாலராக இருந்த கூலி 10 டாலருக்கும் கீழே வந்தது. மூன்று வாரத்துக்கு மேல் எடுத்த பயணம் எட்டுப் பத்து நாளாகச் சுருங்கியது. திறந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சுங்கவரி வசூலே கடனை அடைத்துவிட்டது. 1882இல் சுங்கத்தை ஒழிக்கும்வரை மொத்தம் 12 கோடி டாலருக்கு மேல் வந்தது.

இதைப் பார்த்து மற்ற மாநிலங்களும் கடன் வாங்கிக் கால்வாய் வெட்டின. பல கையைச் சுட்டுக்கொண்டன. ஈரி கால்வாய்க்கு அப்பலாச்சியன் மலைத்தொடரில் மொஹாக் ஆறு போட்டுவைத்திருந்த இயற்கை இடைவெளி கிடைத்தது, மறுமுனையில் ஏரிகள் என்ற இலவச நெடுஞ்சாலையும் கிடைத்தது. மலையேறிய பென்சில்வேனியாவுக்கு இரண்டில் முதலாவது இல்லை. என்னைக் கேட்டால், கிளின்டனின் திறமையைவிட மொஹாக் பள்ளத்தாக்குக்கு அதிகப் பாராட்டு சேர வேண்டும்.

பஃபலோ அவ்வளவு பெரிய ஊரானது ஏன்?

ஏரிக்கப்பல் கால்வாய்க்குள் நுழையாது, கால்வாய்ப் படகு ஏரிக்குள் போனால் கவிழும். ஆக, எல்லாச் சரக்கும் பஃபலோவில் இறங்கி ஏற வேண்டும். ஆரம்பத்தில் அது மனித முதுகில் நடந்தது. கப்பலின் அடித்தளத்திலிருந்து கோதுமையை மூட்டையிலும் பீப்பாயிலும் அள்ளிக்கொண்டு ஐரிஷ் சுமைகூலிகள் ஏணியேறுவார்கள். மழை வந்தால் வேலை நிற்கும், நனைந்த தானியம் கெடும், பின்னால் கப்பல்கள் வரிசையில் நிற்கும்.

1842இல் ஜோசஃப் டார்ட் என்ற வியாபாரியும் ராபர்ட் டன்பார் என்ற இன்ஜினியரும் சேர்ந்து ‘எலிவேட்டர்’ என்ற ஒரு மரக் கட்டடம் எழுப்பினார்கள். உள்ளே ஒரு பட்டையில் வரிசையாக வாளிகள், நீராவி எந்திரம் பட்டையைச் சுற்றும். பட்டையின் ஒரு கை கப்பலின் வயிற்றுக்குள் இறங்கித் தானியத்தை அள்ளி மேலே கொண்டுபோய்க் கொட்டும். அங்கே எடைபோட்டு, உயரமான தொட்டிகளில் சேமித்து, வேண்டும்போது திறந்துவிட்டால் அடியில் நிற்கும் கால்வாய்ப் படகுக்குள் தானாகவே விழும். வாளிப்பட்டை யோசனை டார்ட்டின் சொந்தச் சரக்கல்ல. ஆலிவர் எவன்ஸ் மாவு ஆலைகளுக்காக முன்பே செய்ததை அவர் கப்பலுக்குப் பொருத்தினார். ஐரிஷ்காரன் முதுகை மிஞ்சிய மலிவான எலிவேட்டர் கிடையாது, இது ஓடாது என்று உள்ளூர் வியாபாரி ஒருவர் சவால் விட்டாராம். முதல் எலிவேட்டரே மணிக்கு 1,000 புஷல் இறக்கியது (புஷல் என்பது தானியம் அளக்கும் அளவு, கோதுமையில் சுமார் 27 கிலோ). கொஞ்ச காலத்தில் துறைமுகக் கரை முழுக்க எலிவேட்டர்கள்.

இதன் விளைவு கணக்குப் புத்தகம்வரை போனது. மூட்டையாக இருந்தவரை ஒவ்வொரு மூட்டையும் ஒரு விவசாயியின் பெயரோடு போனது. தொட்டியில் கொட்டியபின் யாருடைய கோதுமை எது என்று பிரிக்க முடியாது. அதனால் 1848இல் தொடங்கிய சிகாகோ வணிக மன்றம் 1856இல் கோதுமையைத் தர வகைகளாகப் பிரித்தது. இந்தத் தரத்தில் இத்தனை புஷல் என்று ஒரு ரசீது இருந்தால் போதும், தானியத்தைப் பார்க்காமலே வாங்கி விற்கலாம். இன்று ‘ஃப்யூச்சர்ஸ்’ என்று சொல்கிற முன்பேர வணிகம் வளர்ந்தது இந்த ரசீதிலிருந்துதான்.

ஏரிகளில் ஓடிய கப்பல்கள் எப்படிப்பட்டவை?

நீராவி என்றதும் பாய்மரம் போய்விட்டது என்று நினைக்கத் தோன்றும். அப்படி நடக்கவில்லை. ஈரி ஏரியின் முதல் நீராவிக் கப்பல் ‘வாக்-இன்-த-வாட்டர்’ 1818இல் வந்தது, 1821இல் பஃபலோ பக்கத்தில் புயலில் கரை தட்டி உடைந்தது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேல் மொத்தச் சரக்கைச் சுமந்தவை ஸ்கூனர் என்ற பாய்மரக் கப்பல்கள். 1860களின் முடிவில் ஏரிகளில் கிட்டத்தட்ட 2,000 பாய்மரக் கப்பல்கள் ஓடின. காற்றுக்குக் காசில்லை, சில ஆட்களே போதும், தானியத்துக்கு அவசரமும் இல்லை.

ஏரித் துறைமுகங்கள் பெரும்பாலும் ஆற்று முகங்கள், ஆழம் குறைவு. அதனால் அடிப்பாகத்தைத் தட்டையாகக் கட்டி, நடுவில் ஏற்றி இறக்கக்கூடிய ஒரு பலகை வைத்தார்கள். ஏரியில் காற்றுக்கு எதிராகப் போகும்போது பலகையை இறக்கினால் கப்பல் பக்கவாட்டில் சறுக்காது, துறைமுகத்துக்குள் வரும்போது ஏற்றிக்கொள்ளலாம். டெட்ராய்ட் ஆறு போன்ற குறுகலான இடங்களில் நாலைந்து ஸ்கூனர்களை ஒரே வரிசையில் கட்டி ஒரு நீராவி இழுவைப் படகு இழுத்துப்போகும்.

வெல்லண்ட் கால்வாயில் போகும் கப்பல்களின் உருவமே வேறு. இது கனடா பக்கத்தில் நயாகராவைச் சுற்றிக்கொண்டு ஈரியையும் ஒன்டாரியோவையும் இணைப்பது. வில்லியம் ஹாமில்டன் மெரிட் முயற்சியில் 1829இல் திறந்தது. 40 மர லாக்குகள், அவையும் குறுகல். 1845இல் பெரிதாக்கிய பிறகும் லாக் நீளம் 150 அடி. கப்பல் கட்டியவர்கள் அந்தத் தொட்டிக்குள் எவ்வளவு மரத்தைத் திணிக்கலாம் என்று பார்த்து, நான்கு பக்கமும் நேராக, மூக்கு மொட்டையாகப் பெட்டி போலக் கட்டினார்கள். அழகென்று யாரும் சொல்ல மாட்டார்கள். பக்கவாட்டில் சக்கரம் வைத்த நீராவிக் கப்பல் லாக்கில் நுழையாது. 1841இல் ‘வண்டாலியா’ என்ற கப்பல் பின்னால் திருகு விசிறி வைத்துக்கொண்டு இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

1856இல் ‘டீன் ரிச்மண்ட்’ என்ற ஸ்கூனர் மிச்சிகன் ஏரியில் கோதுமை ஏற்றி, வெல்லண்ட், செயின்ட் லாரன்ஸ் வழியாக நேராக லிவர்பூல் வரை போய்ச் சேர்ந்தது. முடியும் என்று தெரிந்தது. ஆனால் லாக் அளவுக்குள் அடங்கும் கப்பலில் அட்லாண்டிக்கைத் தாண்டுவது பெரிய லாபமில்லை.

சூ லாக் என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

சுப்பீரியர் ஏரித் தண்ணீர் செயின்ட் மேரிஸ் ஆறு வழியாக ஹூரானுக்கு இறங்கும் இடத்தில் 21 அடி விரைவோட்டம் ஒன்று உண்டு. ஊர் பெயர் சூ செயின்ட் மேரி. கப்பல் தாண்ட முடியாது. 1844இல் வில்லியம் பர்ட் தலைமையில் நில அளவை செய்தவர்களின் திசைகாட்டி முள் சுப்பீரியரின் தென்கரையில் தாறுமாறாக ஆடியது. காலடியில் இரும்புத் தாது. அதற்கு வடமேற்கே கீவெனா முனையில் செம்பு. இரண்டையும் வெளியே கொண்டுவர, விரைவோட்டத்துக்கு மேலே இறக்கி, வண்டியில் ஏற்றி, கீழே இன்னொரு கப்பலில் ஏற்ற வேண்டும். சில கப்பல்களையே கரையேற்றி, உருளைக் கட்டைகளின் மேல் ஊர்த் தெரு வழியாக இழுத்து, மறுபக்கம் இறக்கினார்கள். அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

இங்கே கால்வாய்க்கு மத்திய அரசு உதவி கேட்டபோது, செனட்டர் ஹென்றி கிளே 1840இல், இது நிலாவில் இல்லாவிட்டாலும் குடியேற்றத்துக்கெல்லாம் அப்பால் இருக்கிற இடம் என்றார். கடைசியில் 1852இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பணமாகத் தராமல் 7,50,000 ஏக்கர் நிலமாகத் தந்தது. வேலையை முன்னின்று நடத்தியவர் சார்ல்ஸ் ஹார்வி, தராசு விற்கும் கம்பெனியின் விற்பனையாளர். டைஃபாய்ட் வந்து அங்கே படுத்துத் தேறிக்கொண்டிருந்தபோது இந்த வாய்ப்பைக் கண்டவர். எலும்பை உறைய வைக்கும் குளிர், 1854இல் காலரா, எல்லாவற்றையும் தாண்டி 1855 ஜூனில் திறந்தார்கள். ஒவ்வொன்றும் 350 அடி நீளமுள்ள இரண்டு லாக்குகள். அந்த ஆகஸ்ட்டில் ‘கொலம்பியா’ என்ற சிறு கப்பல் 132 டன் இரும்புத் தாதுவோடு முதலில் இறங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிது. சுப்பீரியரின் தாது கப்பலில் ஈரி ஏரிக்கரை ஊர்களான கிளீவ்லாந்துக்கும் ஆஷ்டபுலாவுக்கும் வந்தது, பென்சில்வேனியாவின் நிலக்கரி ரயிலில் வந்தது. அமெரிக்க எஃகுத் தொழில் இந்தச் சந்திப்பில் வளர்ந்தது. தாதுவுக்கென்றே கப்பலின் உருவமும் மாறியது. 1869இல் கிளீவ்லாந்தில் கட்டிய ‘ஆர். ஜே. ஹாக்கெட்’ கப்பலில் ஓட்டும் அறை முன்முனையில், எந்திரம் பின்முனையில், நடுவில் முழுக்கத் திறந்த சரக்கறை. மேல்தள வாய்கள் 24 அடிக்கு ஒன்று. சுப்பீரியர் கரையிலுள்ள மார்கெட் (Marquette) என்ற ஊரின் துறைமுகத்தில் தாது கொட்டும் சரிவுக்குழாய்களின் இடைவெளிக்குப் பொருந்துமாறு வைத்தது. ஏரிச் சரக்குக் கப்பல்கள் அடுத்த நூறு ஆண்டுகள் ஏறக்குறைய இதே சாயலில்தான் கட்டப்பட்டன.

அங்கே முன்பே வாழ்ந்த பூர்வகுடிகள்?

கால்வாய் வெற்றிக்கதையாகச் சொல்லப்படும்போது விடுபடுவது இதுதான். ஈரி கால்வாய் போன நிலம் ஹோடெனசோனி மக்களுடையது. கால்வாய் வருகிறது என்றதும் நில விலை ஏறியது, அவர்களிடம் மிஞ்சியிருந்ததையும் பறிக்கும் நெருக்கடியும் ஏறியது. சூ செயின்ட் மேரி விரைவோட்டம் ஒஜிப்வே மக்களின் மீன்பிடி இடம்; அங்கே என்றைக்கும் மீன்பிடிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று 1820 ஒப்பந்தத்தில் அமெரிக்க அரசே எழுதிக்கொடுத்திருந்தது. கால்வாயை அவர்கள் இடுகாட்டின் ஊடாக வெட்டினார்கள். திறந்த அதே 1855இல் இன்னொரு ஒப்பந்தம் போட்டு மீன்பிடி உரிமையையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

விபத்துகள் அதிகமா?

மிக அதிகம். கடலில் புயல் வந்தால் ஓடிப்போக இடமுண்டு. ஏரியில் எந்தப் பக்கம் ஓடினாலும் சில மணி நேரத்தில் கரை. அலைகளும் நெருக்கமாக வரும், ஒன்றிலிருந்து எழுவதற்குள் அடுத்தது அடிக்கும். நீராவிக் கப்பல்கள் விறகு எரித்த மரக் கப்பல்கள் என்பதால் தீ இன்னொரு எமன். 1847 நவம்பரில் ‘ஃபீனிக்ஸ்’ எரிந்தபோது இறந்தவர்களில் பெரும்பாலோர் கரை தெரியும் தூரம்வரை வந்துவிட்ட டச்சுக் குடியேறிகள். 1860 செப்டம்பர் 8 அதிகாலையில் ‘லேடி எல்ஜின்’ மீது ‘அகஸ்டா’ என்ற ஸ்கூனர் மோதிச் சுமார் 300 பேர் செத்தார்கள். மில்வாக்கியின் ஐரிஷ் குடும்பங்கள்.

1869இல் மட்டும் ஏரிகளில் 1,914 கப்பல்களுக்குச் சேதம், 209 பேர் சாவு. மில்வாக்கியைச் சேர்ந்த இன்கிரீஸ் லாப்பம் என்ற அறிவியலாளர் அந்தச் செய்திகளைத் தொகுத்துக் காங்கிரஸ் உறுப்பினருக்கு அனுப்பினார். புயல் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே நகர்கிறது, தந்தியோ அதைவிட வேகம். மேற்கே இருப்பவன் தந்தியடித்தால் கிழக்கே இருப்பவன் கப்பலை நிறுத்தலாமே என்பது அவர் வாதம். 1870 பிப்ரவரியில் ராணுவத்தின் கீழ் வானிலைச் சேவை தொடங்கியது. நவம்பர் 8 அன்று முதல் புயல் எச்சரிக்கையை வெளியிட்டவர் லாப்பமேதான், பேரேரிகளுக்காகவே.

ரயில் வந்ததும் கால்வாய் ஒழிந்துவிட்டதா?

உடனே இல்லை. 1842லேயே ஆல்பனி முதல் பஃபலோ வரை ரயில் தொடர்ச்சி வந்துவிட்டது. ஆனால் அதில் சரக்கு ஏற்றினால் கால்வாய்ச் சுங்கத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று மாநிலம் விதி வைத்திருந்தது. 1851இல்தான் அது நீங்கியது. முதலில் போனது பயணிகள். தானியமும் மரமும் மெதுவாகப் போனாலும் பரவாயில்லை என்று கால்வாயிலேயே தங்கின. 1862க்குள் கால்வாயை 70 அடி அகலம், 7 அடி ஆழமாக்கி 240 டன் படகுகளை ஓட்டினார்கள். சரக்கு உச்சத்தைத் தொட்டது 1880 வாக்கில். சிகாகோவிலும் 1848இல் மிச்சிகன் ஏரியை இல்லினாய் ஆற்றோடு இணைக்கும் 96 மைல் கால்வாயும் முதல் ரயிலும் ஒரே ஆண்டில்தான் வந்தன. கால்வாய் இருக்கிற பயத்தில் ரயில்காரர்களும் கூலியைக் குறைத்தே வைத்திருந்தார்கள். தன்மேல் ஓடாத சரக்குக்கும் அது இப்படிப் பயன்பட்டது.

இன்று அவையெல்லாம் என்ன ஆயின?

ஈரி கால்வாயைப் பெரிதாக்கி, பல இடங்களில் பாதையை மாற்றி, 1918இல் புதிதாகத் திறந்தார்கள். இப்போது அதில் பெரும்பாலும் உல்லாசப் படகுகள், விலங்குகள் நடந்த பாதையில் சைக்கிள்கள். ராச்செஸ்டரில் 1842இல் மாற்றிக் கட்டிய நீர்ப்பாலத்தின்மேல் இன்று சாலை போகிறது. 1959இல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி திறந்ததும், கப்பல்கள் பஃபலோவில் நிற்காமலே வெல்லண்ட் வழியாகக் கடலுக்குப் போகத் தொடங்கின. எலிவேட்டர்கள் ஒவ்வொன்றாக மூடின, சில கான்கிரீட் கூடுகள் இன்னும் நிற்கின்றன. சூ லாக் மட்டும் ஓயவில்லை. 1881இல் மத்திய அரசு ஏற்றதிலிருந்து அங்கே சுங்கமே கிடையாது. 1,000 அடி நீளத் தாதுக் கப்பல்கள் இன்றும் பம்ப் இல்லாமல், வெறும் ஏரித் தண்ணீரின் இறக்கத்தால் 21 அடி ஏறி இறங்குகின்றன. ஜனவரி பாதியிலிருந்து மார்ச் கடைசிவரை பனிக்காக மூடிப் பழுதுபார்க்கிறார்கள்.